கம்ப்யூட்டர் மொழிக்குக் குங்குமம் கொடுத்து அழைத்த கதை

ஒன்றின் மேல் பைத்தியமானவன் தனியாக இருக்க மாட்டான். இன்னும் நாலு பேரைப் பிடித்து இழுக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. என் பைத்தியம் ஒரு கம்ப்யூட்டர் மொழி. பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டர்காரர்களே "அப்படி ஒண்ணு இருக்கா?" என்பார்கள். கொல்லங்கோட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எனக்கு அதைப் பற்றிப் பேச ஆளில்லை. (அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். எழுந்து தென்னைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.)

அந்த மொழியை உருவாக்கிய மார்யா பின்லாந்தில் இருக்கிறார். இருபது பேரைக் கூட்டிவிட்டால் எங்கள் ஊரையே அதன் இந்தியக் கிளையாக அறிவிப்பதாகவும், வீடியோவில் தானே வந்து வாழ்த்துவதாகவும் எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் நூலகமான வாயனசாலையின் மாடி ஹாலைப் பிடித்தேன். சித்தூர் கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டினேன். வாட்ஸ்அப் குழுக்கள் ஒன்றையும் விடவில்லை. வருவதாகச் சொன்னவர் ஒரே ஒருவர். அவரும் திருச்சூரில் கல்யாணம் என்று கழன்றுகொண்டார்.

சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏங்கண்ணு மொகம் வாடிக் கெடக்குது?"

"நாளைக்குக் கூட்டத்துக்கு ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்கம்மா."

"நேர்ல போய்க் கூப்புட்டயா?"

"போன்ல போட்டிருக்கேன்."

"போன்ல போட்டா எவன் வருவான்? நீ சும்மா இரு. ஆளுக்கு நானாச்சு."

சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் ஹாலுக்குள் காலை வைத்தால், பட்டுச்சேலைகள், மல்லிகைப்பூ, வெள்ளை வேட்டிகள். உட்கார இடமில்லாமல் ஜன்னலோரம் நிற்கும் பங்காளிகள். என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வெற்றிலை பாக்குத் தட்டு! அம்மா வீடு வீடாகப் போய்க் குங்குமம் கொடுத்து அழைத்திருக்கிறாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு விளக்கத் தெரியாமல், "பையனோட விசேஷந்தானுங்க, வந்து பாருங்க" என்றிருக்கிறாள். முப்பத்துநாலு வயதில் கல்யாணமாகாமல் நிற்கிறவனுக்கு வேறென்ன விசேஷம்? நிச்சயதார்த்தம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

உண்மையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் மார்யா திரையில் வந்துவிட்டார். செம்பட்டை முடி, சிவப்பு ஸ்வெட்டர், வாய் நிறையச் சிரிப்பு.

"ஏனுங்... பொண்ணு வெள்ளைக்காரிங்களா?" என்றது ஒரு குரல்.

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அப்பா பார்த்த பார்வையில் நான் அப்படியே பொசுங்கிப் போனேன். முதலில் சுதாரித்தவர் பெரிய மாமாதான். திரைக்கு முன்னால் போய்க் கும்பிட்டார்.

"அம்மிணி, அப்பா அம்மா சௌக்கியமுங்களா? தோட்டங்காடு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மார்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை பேர் என் மொழியில் எழுதுகிறார்களா! பெரியவர் என்ன கேட்கிறார்?"

அந்தக் கண்ணீருக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை. "எழுதுகிறவன் நான் ஒருத்தன்தான். இவர்கள் நம் இருவருக்கும் நிச்சயதார்த்தம் என்று வந்திருக்கிறார்கள். உங்களுக்கு நிலம் இருக்கிறதா என்று மாமா கேட்கிறார்."

மார்யா, "நிலம் இல்லை. கணவர் இருக்கிறார்" என்று சொல்லி, கூப்பிட்டும் காட்டினார். இடுப்பில் குழந்தையுடன் ஒரு நெட்டை மனிதர் வந்து எல்லோருக்கும் கையசைத்தார்.

பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். "உடு சாமி, வேற பொண்ணு பாத்துக்கலாம்!"

கிளை கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் அந்த மொழிக்கு இன்றும் நான் ஒருவனே. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது பக்கத்து இலைக்காரருக்கு என்னை அறிமுகப்படுத்திவிடுகிறார்கள்:

"தம்பியத் தெரியுங்களா? நிச்சயத்தன்னிக்கே பொண்ணோட ஊட்டுக்காரரப் பாத்தவருங்க."