ராய்ஸ் சொன்ன சோப்புத் திரவம்

பக்கத்து வீட்டு ராய்ஸின் பெயர் இனி என் வீட்டில் ஒலிக்கக் கூடாது என்று ஒரு நாள் காலைக் காப்பியின்போது சபதம் எடுத்தேன். காப்பி ஆறுவதற்குள் என் மனைவி மார்லீஸ் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள்.

ராய்ஸ் இந்த வசந்தத்தில்தான் எங்கள் தெருவுக்குக் குடிவந்தான். மனைவியை இழந்தவன். என் வயதுதான், ஆனால் தலைமுடி முழுசாக இருக்கிறது. அதை மன்னித்துவிடுவேன். புல் வெட்டும்போதுகூட இஸ்திரி போட்ட சட்டை. அதையும் மன்னிப்பேன். மார்லீஸைப் பார்த்துக் கையசைக்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரியும். எங்கள் ஐயோவா மாநிலத்தில் எல்லாரும் எல்லாருக்கும் கையசைப்பார்கள். அசைக்காதவன் ஒன்று நோயாளி, இல்லையென்றால் சிகாகோக்காரன். ஆனாலும் இவன் அசைப்பது கொஞ்சம் நீளம். அவன் வாசற்படியை நான் மிதித்ததே இல்லை.

பிரச்சினை கம்பளத்தில் ஆரம்பித்தது. நவம்பர் மாத நன்றித் திருநாள் விருந்துக்கு மார்லீஸின் அக்கா குடும்பம் வருகிறது. எங்கள் வரவேற்பறைக் கம்பளமோ அழுக்கு. அது சாதாரணக் கம்பளம் இல்லை. கல்யாணமான புதிதில் நானே முட்டி போட்டு, நானே ஆணியடித்து விரித்தது. பூசணிக்காய் நிறம், கணுக்கால் புதையும். மார்லீஸுக்குப் பிடிக்காது. தூக்கிப் போட்டுவிட்டு அடியில் இருக்கும் ஓக் மரத்தரையை வெளியே கொண்டுவரலாம் என்று வருஷாவருஷம் கேட்பாள். நான் செத்தப்புறம் பார்த்துக்கொள் என்பேன். இந்த வருஷம் அவள் கேட்கவே இல்லை. திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

"கார்ப்பெட்டைக் கழுவணும் டெல்பர்ட். கடையில வெந்நீர் மெஷின் வாடகைக்குத் தர்றாங்க."

"கொண்டுவந்துட்டாப் போச்சு."

"மெஷின் பெரிசில்ல. அதுல ஊத்துற லிக்விட்தான் முக்கியம்னு ராய்ஸ் சொல்றார்."

முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு 'நீ'. கையசைப்பவனுக்கு 'சொல்றார்'.

"என்ன சொல்றாராம்?"

"நுரை வராத லிக்விடா வாங்கணுமாம். கையால தேய்க்கிற ஷாம்பூவை அதுல ஊத்தவே கூடாதாம்."

"அவன் என்ன, சோப்புத் தண்ணியிலயே பொறந்தவனா?"

"ஒரு மூடி ஊத்தினாப் போதுமாம். அப்புறம் வெறும் தண்ணியில அலசணுமாம். ரொம்ப ஊறவிட்டா அடித்துணி சுருங்கிடுமாம்."

"நான் எப்படிப் பல்லு விளக்கணும்னு சொல்லலையா?"

"நான் கேக்கல. வேணும்னா கேட்டுட்டு வரவா?"

நான் காரை எடுத்தேன்.

கடையில் திரவங்கள் ஒரு சுவர் முழுக்க நின்றன. கம்பளி நூலுக்கு ஒன்று, செயற்கை நூலுக்கு ஒன்று, நாய் நனைத்த இடத்துக்கு ஒன்று. பெரும்பாலானவற்றில் 'நுரை வராது' என்று எழுதியிருந்தது. எல்லாமே ராய்ஸின் கட்சி. கீழ்த்தட்டில் ஒரே ஒரு ரகம் மட்டும் 'மலையாக நுரைக்கும்' என்று பெருமையடித்தது. வாடகை மெஷினோடு அதில் இரண்டு பாட்டில் எடுத்தேன்.

கல்லாவில் இருந்த பெண் தயங்கினாள். "இது கையால தேய்க்கிறதுக்கு சார். மெஷினுக்கு நுரை வராததுதான் சரி."

"உனக்கும் ராய்ஸைத் தெரியுமா?"

"யாரு சார்?"

இந்தப் பெண்ணையும் அவன் விட்டுவைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மூடிக்குப் பதில் ஒரு பாட்டிலைக் கவிழ்த்தேன். இயந்திரம் வெந்நீரைப் பீய்ச்சியது. பீய்ச்சியதை அழுக்கோடு திரும்ப உறிஞ்ச வேண்டியது அதன் கடமை. அது உறிஞ்சவில்லை. தொட்டி நிறைந்து, மூடியைத் தாண்டி வழிந்து, நுரை அறைக்குள் குடிவந்தது. மார்லீஸ் சமையலறை நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பூசணி அப்பம் சாப்பிட்டாள்.

"ஏம்ப்பா, நுரை சோபா வரைக்கும் வந்துடுச்சே."

"அழுக்கு வெளிய வருதுன்னு அர்த்தம்."

"மெஷின் தண்ணிய இழுக்கவே மாட்டேங்குதே."

"யோசிக்குது."

"ஒருவேளை ராய்ஸ் சொன்ன மாதிரி..."

இரண்டாவது பாட்டிலையும் ஊற்றினேன்.

கம்பளம் காய்வதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. காய்ந்தபின் நாலு ஓரங்களும் சுவரை விட்டு விலகிச் சுருண்டிருந்தன. நடுவில் காப்பி நிறத் திட்டுகள். காலுறை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நாற்றம் தாங்காமல் எங்கள் நாயே வாசலில் நின்றுவிட்டது. குனிந்து ஒரு ஓரத்தை அழுத்திப் பார்த்தேன், மறுபடி சுருண்டது. நான் விரித்த கம்பளம்.

"பாவம், நீயும் எவ்வளவு பாடுபட்ட," என்றாள் மார்லீஸ். "விருந்தாளி வர்ற நேரம். வேற வழியில்ல, தூக்கிடலாம்." சொல்லும்போதே கையுறை போட்டிருந்தாள். கடப்பாரை கதவோரம் சாய்ந்திருந்தது.

கம்பளம் தெருவுக்குப் போனது. எனக்கோ ராய்ஸ் சொன்னது சரியாகிவிட்டதே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நேரே போய் அவன் கதவைத் தட்டினேன்.

"உங்க கார்ப்பெட் யோசனையை உங்க வீட்டோட வச்சுக்குங்க," என்றேன்.

"கார்ப்பெட்டா?" என்று அவன் கதவை அகலத் திறந்தான். உள்ளே ஒரு கால்மிதிகூட இல்லை. சுவருக்குச் சுவர் மரத்தரை, முகம் தெரிகிற மாதிரி. "தும்மல் வரும்னு நான் கார்ப்பெட்டே போடறதில்லீங்க. அதைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"என் பெண்டாட்டிகிட்ட சொன்னீங்களாமே."

"கோடையில ஒரு தடவை பேசினாங்க. ஓக் தரையை எப்படி மெருகேத்தறதுன்னு கேட்டாங்க. என்ன, வேலை ஆரம்பிச்சாச்சா?"

வீட்டுக்குத் திரும்பினேன். மார்லீஸ் வெற்று மரத்தரையின் நடுவில் நின்றிருந்தாள்.

"ராய்ஸ் உன்கிட்ட கார்ப்பெட் பத்திப் பேசவே இல்லையாமே."

"இல்லையே."

"அப்போ அந்த நுரை, மூடி, அலசல்?"

"கடையில மெஷின்மேலயே எழுதி ஒட்டியிருக்கு. அதை அப்படியே சொல்லியிருந்தா நீ கேட்டுத் தொலைச்சிருப்ப."

நான் உட்கார இடம் தேடினேன்.

"ஆமா, அவர் வீட்டுத் தரை எப்படி இருந்துச்சு?"

"பளபளன்னு இருக்கு."

"அந்த அளவுக்கெல்லாம் உன்னால முடியாதுப்பா. விடு."

உப்புத்தாள் எங்கே என்று கேட்டேன். கையிலேயே வைத்திருந்தாள்.