பனியன் போட்ட தேக்கு

கடவுள் இந்த உலகத்தை எங்கள் செக்கிங் அண்ணனிடம் காட்டியிருந்தால் சத்தியமாகப் பாஸ் ஆகியிருக்காது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருப்பூர் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் நான் பேக்கிங்கில் இருந்தேன். அவர் எந்தப் பனியனிலும் குறை கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். ரிஜெக்ட் பீஸ் மலையாகக் கிடந்தது.

தொல்லை தாங்காமல் முதலாளி அவரைச் சேவூர்ப் பக்கம் தன் தேக்குத் தோட்டத்துக்குக் காவலுக்கு அனுப்பினார். அங்கே முயல்கள் இளம் மரங்களின் பட்டையைக் கடித்துக் குதறின.

"கேரட்டுல மருந்து வெச்சுக் கொன்னு போடப்பா" என்றார் முதலாளி.

அண்ணன் பதறிவிட்டார். "ஏனுங்க, கட்டிங்ல துணி வேஸ்ட்டாப் போகுது. அதுக்கு யாரைங்க கொல்றோம்?"

"வேஸ்ட்டை வித்தாக் காசு வரும். முயல் என்னய்யா தரும்?"

அண்ணன் நேரே கம்பெனிக்கு வந்தார். ரிஜெக்ட் பனியன்களை மூட்டை கட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு மரத்துக்கும் சுற்றி, அதன் கைகளை முடிச்சுப் போட்டுவிட்டார். வரிசை வரிசையாக ஃபாரின் பனியன் உடுத்திய தேக்கு! ஊரே வேடிக்கை பார்த்தது. முயல்களும் பார்த்துவிட்டுப் புல் மேயப் போய்விட்டன.

ஆனால் நூல் பிசிறைக்கூட விடாத மனுஷன் லேபிளை வெட்ட மறந்து தொலைத்தார். ரிஜெக்ட் பீஸ் லேபிளோடு வெளியே போனால் ஆர்டரே போய்விடும். அந்த வழியாக வந்த, எங்களிடம் பனியன் வாங்கும் ஃபாரின் பையரின் ஆள் போட்டோ எடுக்கக் காரை விட்டு இறங்கினார். பார்த்தால், மரத்தில் அவர்கள் கம்பெனி லேபிள்.

முதலாளி ஆடித் தீர்த்துவிட்டார். அண்ணனைக் கம்பெனிக்கு வரவழைத்துத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, தோட்டத்தில் முதலாளி அனுப்பிய வேறு ஆட்கள் பனியன்களை உருவிவிட்டு மருந்தும் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பனியன் மூட்டைகளைத் திருப்பி எடுத்துவர நான் போனேன். மரத்துக்கு மரம் முயல் செத்துக் கிடந்தது. அதே கேரட்டைக் கொத்திய மயில் ஒன்றும் கிடந்தது. நடுவில், எனக்கு முன்பே வந்துவிட்ட அண்ணன், மடியில் ஒரு குட்டி முயலோடு உட்கார்ந்திருந்தார். அதற்கு மட்டும் மூச்சு இருந்தது.

அவரை மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் பறந்தேன். பாதி வழியில் தோளைத் தொட்டார்.

"கண்ணு, நிறுத்து. அடங்கிப்போச்சு."

நிறுத்தினேன். அவர் அழுதுகொண்டே கேட்டார். "இந்த மரத்துல கட்டில் செஞ்சாப் படுக்கறவனுக்குத் தூக்கம் வருமா, சொல்லு?"

வரும். நன்றாகவே வரும். அதை விழுங்கிவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளப்பினேன்.

"டாக்டர் பாத்துச் சொல்லட்டுங்கண்ணா" என்று வண்டியைத் திருப்பாமல் ஆஸ்பத்திரிக்கே ஓட்டினேன். அந்த மனுஷனுக்காகச் செத்த முயலுக்கும் வைத்தியம் பார்க்க எனக்குச் சம்மதம்தான்.