பதினான்கு நிபந்தனைகளும் விடுபட்ட பாதையும்

முப்பத்திரண்டு வருடங்கள் அரச அலுவலகமொன்றில் பொருள் வாங்கும் பிரிவில் இருந்தேன். அந்தக் காலம் முழுவதும் அரசாங்கத்துக்காக ஒரு தவறான பொருளைக்கூட வாங்கியதில்லை. தவறான பொருள்கள் அத்தனையையும் எனக்காகவே வாங்கினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (அரசாங்கத்துக்கு வாங்கியதில் பிழை என்றால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார், பதில் எழுத மூன்று வாரம் தருவார். எனக்கு வாங்கியதில் பிழை என்றால் மனைவி கேட்பாள். அவள் அவகாசம் தருவதில்லை.)

ஓய்வுபெற்ற கையோடு ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தேன். நான்கு சில்லுகளும் இழுக்கும் வகை. வில்பத்துக் காட்டோரத்து மணல் பாதைகளில் ஓட்டித் திரிவது என் திட்டம். அங்கெல்லாம் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. ஆகவே செய்மதியிலிருந்து நேரடியாக இடத்தை அறிந்து வழி சொல்லும் கையடக்க ஜீபிஎஸ் கருவி ஒன்று தேவை என்று தீர்மானித்தேன்.

வேறொருவர் என்றால் கடைக்குப் போய் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். நான் அப்படிப் பழக்கப்பட்டவன் அல்ல. முதலில் விவரக்குறிப்பு எழுதினேன். பதினான்கு நிபந்தனைகள். நீர் புகக்கூடாது. தூசி புகக்கூடாது. விழுந்தால் உடையக்கூடாது. கடும் வெயிலிலும் திரை தெரியவேண்டும். மின்கலம் ஒரு முழுப் பகல் தாங்கவேண்டும். கையுறை அணிந்த கையாலும் இயக்கக்கூடியதாக இருக்கவேண்டும். (புத்தளத்து வெயிலில் நான் எதற்குக் கையுறை அணியப்போகிறேன் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், பழைய விவரக்குறிப்பு ஒன்றிலிருந்து பார்த்து எழுதினேன் என்று சொல்லியிருக்கமாட்டேன்.) பிறகு மூன்று கடைகளிடம் விலைமனு கோரினேன். வந்து சேர்ந்ததும் வீட்டிலேயே ஒரு மதிப்பீட்டுக் குழுவை அமைத்தேன். தலைவர் நான். உறுப்பினர்கள், என் மனைவி றஹீமாவும் அவளுடைய தம்பி முக்தாரும். முக்தார் தண்ணீர் மோட்டர் திருத்துபவன். ஆகவே தொழில்நுட்ப உறுப்பினர்.

"மச்சான், கொழும்புக் கடைக்காரன்ட மெஷின் வாகனத்துக்கெண்டே செஞ்சது," என்றான் முக்தார். "ரோட்டெல்லாம் காட்டுது. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பெண்டு வாயத் தொறந்து சொல்லவும் செய்யுது."

"மழையில் நனைந்தால் இயங்குமா?" (குழுக் கூட்டங்களில் நான் எழுத்துத் தமிழில்தான் பேசுவேன்.)

"நனஞ்சா போச்சிதான். ஆனா ஜீப்புக்குள்ளதானே வைக்கிற?"

"ஜீப்பின் கூரையில் ஓட்டை இருக்கிறது. முதலாம் நிபந்தனையை நிறைவேற்றவில்லை. நிராகரிக்கப்படுகிறது."

இரண்டாவது விலைமனுவில் கையொப்பம் இல்லை. அதற்குமேல் அதில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை. மூன்றாவது, வலையும் படகு எஞ்சினும் விற்கும் சிலாபத்துக் கடையொன்றிலிருந்து வந்தது. பதினான்கு நிபந்தனைகளும் பொருந்தின. விலையும் குறைவு. நேரில் பார்க்கப் போனபோது கடைக்காரர் கருவியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். அது மூழ்கவில்லை, மிதந்தது.

"மஹத்தயா, மீன் புடிக்கிற ஆக்கள் எல்லாம் இதுதான் கொண்டு போறது," என்றார் அவர், சிங்களம் கலந்த தமிழில்.

கடலையே தாங்கும் கருவிக்குக் காடு எம்மாத்திரம் என்று எண்ணிக்கொண்டேன். அந்த மனிதர் அதைவிடத் தெளிவாக எச்சரித்திருக்க முடியாது.

கூட்டறிக்கையில் கையொப்பமிடும் நேரம் றஹீமா பேனையை வாங்கவில்லை.

"என்ட கதையையும் எழுதுங்க. ஆளுகள்ட்டக் கேட்டுக் கேட்டுப் போனா ஊர் வந்து சேரும். இதுக்கு மெஷின் என்னத்துக்கு?"

ஓர் உறுப்பினரின் மாற்றுக் கருத்தைப் பதியாமல் விடுவது முறையல்ல. எழுதினேன். அவள் கையொப்பமிட்டாள். அந்தத் தாள் இன்றும் அவளுடைய அலுமாரியில், காணி உறுதிகளுக்கு நடுவே இருக்கிறது.

கருவி வந்து இரண்டு வாரத்தில் ஷிபானாவின் கலியாணம். ஷிபானா என் தம்பியின் மூத்த மகள். தம்பி இப்போது இல்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தபோது நாங்கள் புத்தளம் நகரத்தில் தங்கினோம். அவன் கரைத்தீவுக்குப் போய்க் குடியேறினான். ஆண்பிள்ளை இல்லை, இரண்டும் பெண்கள். எங்கள் முறைப்படி நிகாஹ் நடக்க மணப்பெண்ணுக்கு ஒரு வலி வேண்டும். தகப்பன் இடத்தில் நின்று, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணை மணமுடித்துக் கொடுப்பவரே வலி. தகப்பனும் சகோதரனும் இல்லாத ஷிபானாவுக்கு அந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது. நான் வராமல் நிகாஹ் இல்லை. மருத்துவமனையில் தம்பி என்னிடம் கேட்டுக்கொண்டதும் அது ஒன்றைத்தான்.

"ஒருவேள நீங்க சுணங்கினா?" என்று கலியாணத்துக்கு முந்திய நாள் கேட்டாள் றஹீமா. "ஒங்களுக்குப் பதிலா நிகாஹ் செஞ்சி குடுக்கச் சொல்லிப் பள்ளி இமாமுக்கு ஒரு கடுதாசி எழுதி வைங்களன்."

"முப்பத்திரண்டு வருஷத்தில ஒரு நாளாவது நான் பதில் கடமைக்கு ஆள் போட்டிருக்கனா?"

"அப்ப எங்களோட வேனிலயாவது வாங்க."

அதற்கும் மறுத்தேன். புதிய கருவியைக் களத்தில் பரீட்சித்து ஏற்றுக்கொள்ளும் நடைமுறை இன்னும் பாக்கி இருந்தது. கரைத்தீவுக்குப் போகும் பயணத்தையே பரீட்சையாக்கினேன். நிகாஹ், அஸர் என்னும் பின்னேரத் தொழுகைக்குப் பிறகு. பெண்கள் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். நான் நடுப்பகல் ளுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டு, வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக, முக்தாரைப் பக்கத்தில் இருத்தி இரண்டரை மணிபோல ஜீப்பைக் கிளப்பினேன்.

கரைத்தீவுக்கு நான் ஐம்பது தடவையாவது போயிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு போவேன். அன்றுதான் கண்ணைத் திறந்து, கருவியைப் பார்த்தபடி போனேன்.

திரையில் நகரம் முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்தது. ஒரு தெருவும் இல்லை.

"மச்சான், ரோட்டக் காணமே?"

"மஞ்சள் எண்டா குடியிருப்பு வலயம். நகரத் திட்டப் படங்களில அப்படித்தான் நிறம் குடுக்கிற," என்றேன். இருபது வருடம் அத்தகைய படங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொன்னேன்.

"அப்ப இந்த நீலம்?"

"அது நீர்ப்பாசனக் காணியா இருக்கும்."

நீலத்துக்குள் அங்கங்கே சிறிய எண்கள் தெரிந்தன. இரண்டு, மூன்று, ஒன்றரை. வேகக் கட்டுப்பாடு என்று ஊகித்தேன். மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் சற்றுக் கடுமையான கட்டுப்பாடுதான். ஆனால் வனவிலங்குப் பகுதிக்கு அருகில் அல்லவா என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து, கருவியில் நான் குறித்திருந்த கரைத்தீவுக்கு ஒரு கறுப்புக் கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் ஓடியது. வண்ணாத்திவில்லுவுக்குப் போகும் தார் வீதி வலப்பக்கம் வளைந்தது. கோடு இடப்பக்கம் போனது. நான் கோட்டின் பக்கம் திருப்பினேன். கொஞ்சத் தூரம் தென்னந்தோட்டம், பிறகு முட்பற்றை, பிறகு வெள்ளை வெளேரென்று உப்புப் படிந்த வெட்டை. வெட்டை கெட்டியாக இருந்தது. முக்தார்கூடச் சிரித்தான். இருபது நிமிடம் நான் ஒரு தீர்க்கதரிசியாக வாழ்ந்தேன்.

இருபத்தோராவது நிமிடம் முன்சில்லுகள் இரண்டும் உப்பு மேல்தோலை உடைத்துக்கொண்டு கரிய சேற்றில் இறங்கின. நான்கு சில்லுகளையும் இழுக்கும் பொறியை இயக்கினேன். அது முறைப்படி இயங்கி, பின்சில்லுகளையும் சேற்றில் இறக்கியது. எதிரே ஒரு கல்லெறி தூரத்தில் புத்தளம் வாவி பளபளத்தது. கறுப்புக் கோடு தயக்கமின்றி அதற்குள் இறங்கி, அக்கரையில் இருந்த கரைத்தீவை நோக்கிப் போனது.

கைபேசி அடித்தது. றஹீமா.

"எங்க ஈக்கிறீங்க? அஸருக்கு பாங்கு சொல்லப் போறாங்க!"

நான் திரையைப் பார்த்து வாசித்தேன். "வடக்கு எட்டுப் பாகை ஆறு கலை, கிழக்கு..."

"நான் கேட்டது ஊர! கணக்கு இல்ல! நிகாஹ் எழுத வந்தவருக்கு அஞ்சு மணிக்கி இன்னொரு ஊர்ல கலியாணமாம். நாலரக்கிப் போயிருவாராம். மாப்புள வீட்டாக்கள் முணுமுணுக்கத் தொடங்கிட்டாங்க. ஷிபானா ஒண்டுமே பேசாம ஈக்குது. இப்பவே அந்தக் கடுதாசிய..."

சிக்னல் அறுந்தது. ஷிபானா பேசாமல் இருக்கிறாளாம். வாய் ஓயாத பிள்ளை அது.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை போனது. ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. முக்தார் என் மற்றச் செருப்பையும் கருவியையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். கரையோரத்தில் ஒரு மனிதர் எஞ்சின் படகில் இருந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பெயர் றபீக் என்று பிறகு அறிந்தோம். ஜீப்பையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஹாஜியார், இங்கால என்னத்துக்கு வந்தீங்க?"

"கரைத்தீவுக்குப் போறம்."

"ஜீப்புலயா?"

முக்தார் கருவியை நீட்டினான். றபீக்கின் முகம் மலர்ந்தது.

"இது எங்கட மெஷின்! கடலுக்குக் கொண்டு போற சாமான். இதுல ரோட்டு ஈக்காதே ஹாஜியார். தரையெல்லாம் சும்மா மஞ்சளாத்தான் காட்டும்."

"அப்ப இந்த நம்பர்?" என்றான் முக்தார், என்னைப் பார்க்காமல்.

"அது தண்ணிட ஆழம்."

பதினான்கு நிபந்தனைகளையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பாதை காட்டவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் றபீக் வலையை ஒரு பக்கம் தள்ளினார். "வலிகாரரா நீங்க? ஏறுங்க, ஏறுங்க. புள்ளட காரியம்."

வாவியில் இறங்கியதும் அந்தக் கருவி வேறு பிறவி எடுத்தது. ஆழம் குறைந்த மணல்திட்டு வருமுன் கூவி எச்சரித்தது. றபீக் அதைப் பார்த்துப் பார்த்துப் படகை வளைத்துத் திருப்பினார். கறுப்புக் கோட்டை விட்டு அதிகம் விலகாமல், ஒரு தவறும் செய்யாமல், அது எங்களைக் கரைத்தீவுக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சேர்ந்ததும் இரண்டு தரம் கீச்சிட்டது.

நாலு இருபத்தைந்துக்கு, முழங்கால்வரை கறுப்பும் அதற்குமேல் வெள்ளையுமாக, வெறுங்காலோடு பந்தலுக்குள் நுழைந்தேன். நிகாஹ் எழுத வந்தவர் தன் கதிரையைச் சற்று நகர்த்திக்கொண்டார். மாப்பிள்ளையின் தகப்பன், "கடலால வந்தீங்களோ?" என்று வேடிக்கையாகக் கேட்டார்.

"ஓம்," என்றேன்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். சொல்லவேண்டிய வாசகத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். தம்பியின் பெயர் வந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னேன். அதுவும் நடைமுறை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஷிபானா. பெண்களிடம் அவள் சொன்னது எனக்கும் கேட்டது: "பெரியவாப்பா கப்பல்ல வந்து என்னக் கட்டிக் குடுத்திருக்கார். ஊர்ல வேற யாருக்கு இப்புடி நடந்திருக்கு?"

ஜீப்பை மறுநாள் டிராக்டர் இழுத்தது. கருவியை றபீக்குக்குக் கொடுத்துவிட்டேன். உரிய படிவம் நிரப்பித்தான் கொடுத்தேன்.

சென்ற வருடம் ஷிபானாவின் தங்கைக்குக் கலியாணம். அதற்கும் நான்தான் வலி. ஒரு மாதம் முன்பே என்னைக் கேட்காமல் வீட்டில் ஒரு குழு கூடியது. தலைவர் றஹீமா. உறுப்பினர்கள் முக்தாரும், கைக்குழந்தையோடு ஷிபானாவும். வலியைக் கரைத்தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மூன்று விலைமனுக்கள் கோரப்பட்டிருந்தன. வேன், முச்சக்கரவண்டி, படகு. மூன்றிலும் கையொப்பம் இருந்தது. மூன்றும் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றின. கூட்டறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஆட்சேபிக்க ஓர் இடமும் கிடைக்கவில்லை. படகுதான் விலை குறைவு.

கலியாணத்தன்று புத்தளத்துக் கரையில் றபீக் காத்திருந்தார். படகின் முன்பக்கத்தில் என் பழைய கருவி கட்டப்பட்டிருந்தது. இந்த முறை றஹீமாவும் என்னோடு வந்தாள். ஏறுவதற்கு முன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கரையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாகக் கேட்டாள்:

"தம்பி, கரைத்தீவுக்கு எப்புடிப் போற?"

"நேரா போற, தாத்தா," என்றார் றபீக். (எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.)

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆளுகள்ட்டக் கேட்டாச்சி. எழுதிக்கொள்ளுங்க," என்றாள்.