அரைப் பக்கத்தை வென்ற கையேடு

நெருப்பு, சக்கரம், எங்கள் நிறுவனத்தின் பயனர் கையேடு: மனித நாகரிகத்தின் மூன்று பெரும் பாய்ச்சல்கள் இவை. முதல் இரண்டைப் படைத்தவர்கள் யாரென்று தெரியாது. மூன்றாவதன் ஆசிரியர் குழுத் தலைவர் அடியேன்.

கண் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைக்கு நாள் பதிவுசெய்ய நாங்கள் ஒரு செயலி செய்து கொடுத்தோம். மருத்துவமனை மகிழ்ந்துபோய், பதிவு மேசையையும் தொலைபேசியையும் எடுத்துவிட்டது. இனி நோயாளிகளுக்குக் கையேடுதான் கதி.

முதல் வரைவைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதினார். "பச்சைப் பொத்தானைத் தொடுங்கள். பெயரை எழுதுங்கள். வேண்டிய நாளைத் தொடுங்கள். மறுபடி பச்சைப் பொத்தான். முடிந்தது." அவ்வளவுதான். அரைப் பக்கம்! அவசரக் கூட்டம் கூட்டினோம்.

"இதைப் படிச்சா ஜனங்க என்ன நினைப்பாங்க?" என்றார் மேலாளர்.

"புரிஞ்சிடுச்சுன்னு நினைப்பாங்க சார்" என்றார் அந்தப் பெண்.

"அதைத்தாம்மா சொல்றேன். இவ்வளவு சுலபமான வேலைக்கா இத்தனை பேரு சம்பளம் வாங்குறாங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

பொறியாளர் கண் கலங்கினார். "உயிரைக் குடுத்து எழுதின புரோகிராம். பச்சைப் பொத்தான்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்களே!"

அந்தப் பெண்ணைப் பிறந்தநாள் வாழ்த்து அட்டைப் பிரிவுக்கு மாற்றிவிட்டு நான் பேனாவைத் திறந்தேன். பச்சைப் பொத்தான் "முதன்மைச் செயலாக்கத் தூண்டல் கூறு" ஆயிற்று. கையேடு தலையணை கனத்துக்கு வளர்ந்தது.

"பாமரர் சோதனை"யும் முறைப்படி நடந்தது. செயலியை எழுதிய அதே பொறியாளர், அடையாள அட்டையைக் கழற்றி வைத்து, தலைமுடியைக் கலைத்துக்கொண்டு பாமரரானார். கையேட்டைப் புரட்டினார். "எல்லாம் தெளிவா இருக்கே!" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்த வாரமே அத்தை போன் செய்தார். அப்பாவின் அக்கா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கண்ணில் அழுத்தம் ஏறியிருந்தது. உடனே அறுவை செய்யாவிட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"டேய், எப்படியோ தட்டுத்தடுமாறி ஒரு நாளைப் புடிச்சிட்டேன். 'முன்நிபந்தனைகளை உறுதிப்படுத்துக'ன்னு நிக்குது. என்னத்தைடா உறுதிப்படுத்த?"

"பின்னிணைப்புல இருக்கு அத்தை."

"அதுல 'முன்னுரை காண்க'ன்னு இருக்கு."

"முன்னுரையில?"

"உன் போட்டோ இருக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. நேரில் போய், கையேட்டை மடியில் விரித்து, அதில் எழுதியிருந்தபடியே "நிலைமீட்புக் கூறு" ஒன்றை அழுத்தினேன். பிடித்து வைத்திருந்த நாள் திரையிலிருந்து மறைந்தது.

"என்னடா ஆச்சு?"

"நிலைமீட்பு ஆயிடுச்சு அத்தை."

"அப்படின்னா?"

பின்னிணைப்பைப் புரட்டினேன்.

அறுவைக்கு வேறொரு நாள் மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் அத்தைக்கு ஒரு கண் போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆண்டு விழாவில் கையேட்டுக்கு விருது கிடைத்தது. மேலாளர் கவலையோடு ஒரு தகவலையும் சொன்னார்: நம் பயனர்களில் பார்வை இழந்தவர்கள் மளமளவென்று பெருகி வருகிறார்களாம். அவர்களைக் கைவிட எங்களுக்கு மனம் வருமா? ஆகவே கையேட்டை, ஓர் எழுத்தும் குறைக்காமல், ஒலி வடிவில் வெளியிட ஏகமனதாகத் தீர்மானித்தோம்.