இது உப்புங்களா என்று கேட்டவர்

மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் இந்தக் கடற்கரையில் எத்தனையோ புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் முதல் ஆள் நான்தான் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டும் இருந்தேன். ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்பதை, பலகாரம் கிடைத்த பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து சொல்லுகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் உப்பளத்தில் மோட்டார் போட்டுப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிறவர். ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு நல்ல பெயர் வைத்தார்களாம். அது யாருக்கும் நினைவில்லை. கேட்டுச்சொல்லி என்றால்தான் தெரியும்.

எதைக் கேட்டாலும், “தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்” என்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். யாரிடம் கேட்கிறார் என்று புதிதாக வந்தவர்களுக்குப் புரியாது. ஆண்டவரிடம்தான். கண்ணைத் திறந்ததும் கிளம்பிப் போய், விவரம் தெரிந்த ஒருத்தரைப் பிடித்து விசாரித்துவிட்டு வருவார்.

ஒரு நாள் பிரம்மதேசத்துப் பெரியவர் ஒருத்தர் ரோட்டில் நின்று, திண்டிவனம் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் இவரைக் கேட்டுவிட்டார். இவர் கண்ணை மூடினார். பெரியவர் ஏதோ அருள் வந்துவிட்டது என்று பயந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இவர் கண்ணைத் திறந்து, டீக்கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வருவதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவது பஸ்ஸின் நேரத்தைத் துல்லியமாகச் சொன்னார்.

“எதுக்கு ரெண்டு வேலை? டீக்கடைக்காரரையே நேரா கேக்க வேண்டியதுதானே?” என்று நான் ஒரு தடவை மடக்கினேன்.

“தெரியாதுன்னு ஒத்துக்கறதுக்கே எனக்கு அவரு தொணை வேணும்க்கா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியாது என்று சொல்ல ஒரு துணையா? எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லவேண்டிய தேவையே வந்ததில்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். மூன்று வகுப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது, நாலாவதில் சொல்லித்தர எதுவும் இல்லை என்பது என் கணக்கு. தலைச்சுமையாக உப்பு சுமக்கும் பதினாலு பெண்களுக்கு நான்தான் தலைவி. வயிற்று வலிக்கு வைத்தியம், மருமகள் சண்டைக்குத் தீர்ப்பு, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் வழி என்று எது கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும். சில சமயம் கேட்பதற்கு முன்னாலேயே வரும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெப விண்ணப்பம் சொல்லச் சொல்லுவார்கள். ஒருத்தர் பிள்ளைக்கு வேலை வேண்டும் என்பார், ஒருத்தர் கடன் தீர வேண்டும் என்பார். கேட்டுச்சொல்லி எழுந்து, “ஆண்டவரே, எனக்குப் புத்தியக் குடுங்க” என்பார். ஒவ்வொரு வாரமும் அதேதான். அடுத்தபடியாக நான் எழுந்திருப்பேன். நல்ல புத்தியைத் தாராளமாகக் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லுவேன். “இத்தினி வருஷமா கேக்கறாரே, அவருக்கு இன்னும் வந்து சேரலையா?” என்று ஐயரிடம் ஒரு நாள் கேட்டேன். எங்கள் பக்கம் சபை நடத்துகிறவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்து, “உனக்கு வந்துட்டுதாம்மா?” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு சித்திரை மாதம். இரண்டு நாள் வாரிய உப்பு வரப்பில் அம்பாரமாகக் கிடந்தது. தெற்கே கொஞ்சம் மேகம். தார்ப்பாய் போட்டு மூடலாமா என்று மேஸ்திரி கேட்டார். “அது புதுச்சேரி மேகம். இங்க ஒரு சொட்டு விழாது” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மேஸ்திரி கேட்டுச்சொல்லியையும் கேட்டார். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடித் திறந்து, மீன்பிடிக்கிறவர்களைக் கேட்கக் குப்பத்துக்கு ஓடினார். அங்கே படகுகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். இவர் திரும்பி ஓடிவர, பின்னாலேயே மழையும் ஓடிவந்தது. அரை அம்பாரம் எங்கள் கண் முன்னாலேயே தண்ணீராகி, வந்த வழியே போய்ச் சேர்ந்தது. நனைந்துகொண்டே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மழைதான் வழி தவறி வந்திருக்கிறது என்று சொன்னேன்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

என் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு. இதயமும் கொஞ்சம் பலவீனம். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் உப்பில்லாத குழம்பு வைத்தேன். மனுஷன் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆயுசு பூராவும் உப்புப் பாத்தியில் நின்றவருக்கு உப்பில்லாத சோறு என்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

அப்போது என் புத்தி வேலை செய்தது. டாக்டர் பட்டணத்துக்காரர். அவர் பார்த்த உப்பு கடையில் விற்கிற பாக்கெட் உப்பு. மிஷினில் அரைத்து, எதையோ கலந்து, வெள்ளைத் தூளாக வருவது. அதைத்தான் குறைக்கச் சொல்லியிருப்பார். நம்ம பாத்தி உப்பு கடல் தண்ணீரும் வெயிலும்தானே, அது என்ன செய்யும்? அன்றைக்கே பழையபடி கல்லுப்பைப் போட்டுக் குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் உப்பளத்தில் இந்தக் கண்டுபிடிப்பை எல்லாருக்கும் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கேட்டுச்சொல்லி மட்டும் ஆட்டவில்லை.

“எனக்குத் தெரியலீங்க்கா” என்றார்.

“உனக்கு என்னதான் தெரியும்?” என்றேன்.

பத்து நாளில் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. உடம்பு தேறியிருக்கிறது என்று சொன்னேன். பிறகு படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தே இருந்தார். காற்று சரியில்லை என்று சொன்னேன். யாரையாவது கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடுமே. அந்த ஒன்றுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரரைப் பார்க்கக் கேட்டுச்சொல்லி வந்தார். காலைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டினார். கண்ணைத் திறந்ததும் அடுப்படிக்குப் போய், ஜாடியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, மொபெட்டில் ஏறிப் போய்விட்டார்.

மீதிக் கதையை எங்கள் கூட்டத்துச் செல்வி சொல்லித்தான் கேட்டேன். முட்டிவலிக்காக அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தாள். இவர் தன் பெயரிலேயே சீட்டுப் போட்டுக்கொண்டு, முறை வந்ததும் டாக்டரம்மா முன்னால் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாராம்.

“என்னய்யா இது?”

“அதக் கேக்கத்தாங்கம்மா வந்தேன். இது உப்புங்களா?”

“நீங்க என்ன வேலை செய்யறீங்க?”

“உப்பளத்துலங்க. முப்பது வருஷமா.”

வரிசையே சிரித்ததாம். செல்வி, தான் வேறு ஊர்க்காரி மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாளாம். இவர் சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக நின்றிருக்கிறார். பிறகு என் கண்டுபிடிப்பைச் சொல்லி, வீங்கின காலையும், படுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதையும் சொன்னாராம். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டதாம். இதுவும் உப்புதான், எல்லா உப்பும் உப்புதான், அவரை இந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாராம்.

ஆட்டோவோடு வந்து நின்றவரை நான் வாசலிலேயே மறித்தேன். “ஊரு பூரா என் மானத்த வாங்கிட்டு வந்தியா?”

“அத அப்புறம் பேசிக்கலாம்க்கா. மொதல்ல மாமாவுக்கு ஒரு கை குடுங்க.”

ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்று நர்ஸ் சொன்னார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றேன். இத்தனை வருஷமாகக் கேட்காத புத்திக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்திலேயே ஒருத்தர் வாராவாரம் கேட்டு, வாராவாரம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அன்றைக்குத்தான் என் ஆயுசிலே முதல் தடவையாக, சத்தமில்லாமல், எனக்கும் கொஞ்சம் புத்தி கொடுங்கள் ஆண்டவரே என்று கேட்டேன்.

மத்தியானம் மூச்சு சீரானது. வீட்டுக்காரர் கண் விழித்தார். டாக்டரம்மா வந்து நாடி பார்த்துவிட்டு, “பாத்தி உப்பு ஒண்ணும் செய்யாதுன்னு இவருக்கு யாரு சொன்னது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“உப்பளத்துல நாங்க எல்லாருமே அப்டித்தாங்கம்மா நெனச்சிட்டிருந்தோம்” என்றார் கேட்டுச்சொல்லி. “நானுந்தான்.”

டாக்டரம்மா பொதுவாக எல்லாரையும் திட்டிவிட்டுப் போனார். நான் கேட்டுச்சொல்லியை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், “ஏம்பா, தெரியாத ஒண்ணத் தெரியும்னு சொல்லாத ஆளு நீ. எதுக்குப் பொய் சொன்ன?” என்று கேட்டேன்.

“அதுக்கு இனிமேதான் மன்னிப்புக் கேக்கணும்க்கா. மாமா கண்ணத் தொறந்து உங்களத்தான் பாத்துட்டிருந்தாரு” என்றார்.

மோட்டார் போட நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வெளியே நல்ல வெயில். வண்டி நிற்கிற இடம்வரைக்கும் கூடவே நடந்து போய், அது கண்ணுக்கு மறைகிறவரைக்கும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.