சுந்தர்சிங் தனியாகப் போகிறார்

மனிதர்களில் தனியாகப் போகிறவர் என்றொரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பியிருக்க முடியாது, அவரே வந்து சொல்லியிருப்பார். சான் ஹோசேயில் தோசைக்கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார். வெஸ்ட் வின்ட்சரில் ரயிலுக்குக் காத்திருக்கையில் பக்கத்தில் நிற்பார். கண்ணுக்கெட்டிய தூரம் தோசைக்கல்லாக விரிந்துகிடக்கும் டெக்சஸில்கூட, மலையேறும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கறிவேப்பிலை வாங்க வருவார். "கொஞ்ச நாளா ஒண்ணு யோசிச்சிட்டிருக்கேன்," என்று ஆரம்பிப்பார். அங்கேயே ஓடிவிட வேண்டும். நீங்கள் ஓடவில்லை, "என்னது?" என்று கேட்டுவிட்டீர்கள். தவறு உங்களுடையது.

உண்மையிலேயே தனியாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். திங்கட்கிழமை வெயிலில் மூக்குத்தோல் உரிந்து ஆபீசுக்கு வருவார்கள். வீக்கெண்ட் எப்படி என்றால் "ஓகே" என்பார்கள். அவ்வளவுதான். அவர்களை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட எழுத முடியாது. எனவே கலிபோர்னியாவில் பிளசன்டன் ஊர்வாசியான சுந்தர்சிங்கிடம் வருவோம்.

சுந்தர்சிங்கின் ஆசையைக் குறைசொல்லக் கூடாது. பகல் முழுதும் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் முகங்கள். சாயங்காலம் தமிழ்ப் பள்ளிக் கமிட்டி. வெள்ளிக்கிழமை சர்ச்சில் பாடகர் குழு. சனிக்கிழமை யாராவது ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள், இல்லாவிட்டால் யாராவது ஒரு வீட்டுக்குப் பால்காய்ச்சுதல். மனிதர் கடைசியாகத் தனியாக இருந்தது ஒரு கார் வாஷுக்குள். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நுரை வழிந்து நாலா பக்கமும் உலகம் மறைந்தது. யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. பிரஷ்கள் விலகி வெயில் வந்தபோது, இதையே கொஞ்சம் பெரிய அளவில் செய்வது என்று முடிவெடுத்தார்.

அப்படித்தான் அந்த முகடு வந்தது. சியரா நெவாடாவில், பெயர்கூட இல்லாத ஒரு மலை முகடு. ஓர் ஏரிவரைக்கும் பாதை உண்டு, குழந்தைகளும் நடக்கலாம். ஏரிக்குமேல் பாதை கிடையாது. உருண்டு கிடக்கும் பாறைகள்தான். பாறைகளில் தொற்றி மேலே போனால் ரம்பப் பல்லைப்போல நீண்டு கிடக்கிறது முகடு. அதன் நடுவில் ஒரு பிளவு. பிளவைத் தாண்டிவிட்டால் முகடு வடக்கே திரும்பிவிடும். அதற்கப்புறம் ஏரியிலிருந்து பார்க்கிற எவர் கண்ணுக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். மறுபுறம் இறங்கினால் வேறொரு சாலை. அங்கே மனைவி கிருபாராணி காரோடு நிற்பாள். ஒரே பகல். ஒரே ஆள். பனி விழத் தொடங்குமுன் போய்வந்துவிட வேண்டும்.

திட்டம் தொடங்கியது. சாப்பாட்டு மேஜையை வரைபடங்கள் பிடித்துக்கொண்டதால் குடும்பம் சோபாவில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. "இந்தக் கோடெல்லாம் நெருங்கி வருது பாரு, அங்கதான் மலை செங்குத்தா நிக்குது," என்று மகள் ஷைனாவுக்கு விளக்கினார். "டாட், இட்ஸ் ஜஸ்ட் ஸ்க்விகிள்ஸ்," என்று அதைக் கிறுக்கலாக்கிவிட்டு அவள் அப்பளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுமை பழக வேண்டும் என்று முதுகுப்பைக்குள் சோனா மசூரி மூட்டையைத் திணித்துக்கொண்டு தினமும் தெருவைச் சுற்றினார். பார்க்கில் உட்கார்ந்திருந்த அங்கிள்மார், யார் வீட்டுக்கோ அரிசி கொண்டுபோகிறார், வீடுதான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். எடையைக் குறைப்பதற்காக டூத் பிரஷின் காம்பைப் பாதியாக வெட்டினார்.

"ஏங்க, போயிட்டு அன்னிக்கே வர்றதுக்கு டூத் பிரஷ் எதுக்கு?" என்றாள் கிருபாராணி.

"இதெல்லாம் ஒரு டிசிப்ளின், ராணி."

இதுவரைக்கும் ஆபத்தில்லை. ஆபத்து ஓர் அறிவுரையிலிருந்து வந்தது. தனியாக மலைக்குப் போகிறவர்களுக்கு எல்லா வழிகாட்டிகளும் தவறாமல் சொல்லும் அறிவுரை: போகும் இடத்தை யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருவரிடம். கவனித்தீர்களா? சுந்தர்சிங்கும் கவனித்தார். அந்த ஒருவரைத் தேடிப் பே ஏரியா முழுக்க அலைந்தார்.

முதலில் பல் டாக்டரிடம் சொன்னார், வாயில் கருவி இருக்கும்போதே. பிறகு பாஸ்டரிடம். பிறகு வீட்டுக்கு பார்சல் கொண்டுவந்தவரிடம். பாவம், அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வேண்டியிருந்தது. கடைசியில் நண்பர் மகாதேவன் வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக்கில், கையில் பேப்பர் தட்டோடு, கத்திரிக்காய்க்கும் தயிர்சாதத்துக்கும் நடுவே நின்று எல்லோரிடமும் சொன்னார்.

"நான் தனியா ஒரு ஹைக் போறேன். பாதையே கிடையாது."

நம்மவர்களிடம் தனியாகப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் அனுதாபப்படுவார்கள்.

"என்ன சிங்கம், வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்று மகாதேவன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். சுந்தர்சிங்கைப் பத்து வருடமாகச் சிங்கம் என்று கூப்பிடும் உரிமை பெற்றவர் அவர்.

"அதெல்லாம் இல்லப்பா. சும்மா. தனியா இருக்கணும்னு."

"லே-ஆஃப் ஏதாவது?"

"இல்லடா!"

"அப்ப ஏன் தனியா போகணும்? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

தமிழ்ப் பள்ளியின் வான்மதி டீச்சர் உள்ளே புகுந்தார். "மகா, அவர் ஆசைப்படறார், விடுங்க. ஆனா சார், சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"எனர்ஜி பார் இருக்கு."

"எனர்ஜி பாரா? அதைத் தின்னுட்டு மலையில நடக்கறதா? நான் புளியோதரை பண்ணித் தரேன்."

"அப்ப தொட்டுக்க?" என்றது யாரோ ஒரு குரல். அங்கேதான் விழுந்தது முதல் அடி. தொட்டுக்கொள்ள உருளை வறுவல் ஒருவர் ஏற்றுக்கொண்டார். வறுவல் பண்ணுகிறவர் அதைச் சூடாகக் கொண்டுவந்து கொடுக்கத்தானே வேண்டும்? அவர் வருவதென்றால் குழந்தைகளும் வரும். குழந்தைகள் வந்தால் இட்லி வேண்டும்.

"இதோ பாரு," என்று மகாதேவன் தீர்ப்பு வழங்கினார். "நீ தனியாத்தான் போறே. அதுல சேஞ்ச் இல்ல. நாங்க கூட வரல. ஏரி வரைக்கும் வந்து உன்னை டிராப் பண்றோம்."

இந்த இடத்தில் சுந்தர்சிங் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாரா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இந்த ரகத்தின் ரகசியம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இத்தனை பேர் தம்மைச் சுற்றி நின்று 'தனியா, தனியா' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கார் வாஷுக்குள் கிடைக்காத ஒரு சுகம் அவருக்குக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், தன்னந்தனியாக மலையேறப் போகும் சகோதரருக்காகப் பாஸ்டர் ஜெபித்தார். சபையே ஆமென் சொன்னது. 'சுந்தர் சோலோ ஹைக்' என்று வாட்ஸ்அப் குழு ஒன்று தோன்றி மளமளவென்று வளர்ந்தது.

"நீங்க தனியாப் போறேன்னு சொல்லச் சொல்ல ஏரிக்குப் போற வேன் நிறையுது," என்றாள் கிருபாராணி. "இன்னும் ரெண்டு பேர்கிட்ட சொல்லுங்க, பஸ்ஸே எடுத்துடலாம்."

"அவங்க ஏரியோட நின்னுடுவாங்க, ராணி. அதுக்கு மேல நான் மட்டும்தான். நீ மறக்காம அந்தப் பக்கம் காரைக் கொண்டுவந்துடு."

"சரிங்க," என்றாள். அந்தச் சரியைச் சுந்தர்சிங் இன்னும் சற்று உற்றுக் கேட்டிருக்க வேண்டும்.

குறித்த சனிக்கிழமையும் வந்தது. ஏரிக்கரையில் ஜமக்காளங்கள் விரிந்தன. ஒரு மலைப்பறவை வந்து பார்த்து, இட்லியை எடைபோட்டுவிட்டுப் போனது. சுந்தர்சிங்கை நிற்கவைத்துப் படமெடுத்தார்கள்: தனியாக ஒன்று, குடும்பத்தோடு ஒன்று, தனியாகப் போகிறவரோடு எல்லோருமாக ஒன்று. குழந்தைகள் கைதட்டின. "மேல போனதும் கை காட்டு சிங்கம், நாங்க பார்த்துட்டே இருப்போம்," என்றார் மகாதேவன்.

சுந்தர்சிங் ஏறினார். அவரைக் கேலி செய்துகொண்டே வந்த நாம் இதையும் சொல்லியாக வேண்டும்: நன்றாகவே ஏறினார். அரிசி மூட்டை வீண்போகவில்லை. ஆடுகிற கல்லையும் ஆடாத கல்லையும் கால் அறிந்திருந்தது. மூச்சு வாங்க, முழங்கை சிராய்க்க, முகட்டின்மேல் வந்து நின்றார். இரண்டு பக்கமும் மலைகள், யாரையும் எதிர்பார்க்காத மலைகள். காற்று நின்றபோது தன் சட்டை உரசும் ஒலி அவருக்கே கேட்டது. முகட்டோடு நடந்து பிளவுக்கு வந்தார். கடினமான இடமெல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் நாலு எட்டு வைத்தால் மறுபக்கம். அங்கே அவரை யாரும் பார்க்க முடியாது. அதற்குத்தானே வந்தார்?

நின்றார். ஏரியை நோக்கித் திரும்பினார். கை காட்டினார்.

பதில் இல்லை. வெயிலில் அவர்களுக்குக் கண் கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினார். அப்போதும் இல்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். மகாதேவன் மல்லாந்து கிடந்தார், முகத்தின்மேல் தொப்பி. வான்மதி டீச்சர் பரிமாறிக்கொண்டிருந்தார். குழந்தைகள் தண்ணீரில் கல்லெறிந்தன. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வாய் அசைவது தெரிந்தது, என்ன பாட்டென்று தெரியவில்லை. மேலே? ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை.

சுந்தர்சிங் கேட்டது கிடைத்துவிட்டது. நுரை இல்லாமல், கண்ணாடி இல்லாமல், அவர் முழுசாகத் தனியாக இருந்தார். எவ்வளவு நேரம் தாங்கினார் என்கிறீர்கள்? ஓர் எனர்ஜி பாரின் உறையைப் பிரிக்கும் நேரம். அதைப் பாதி கடித்தார். பிறகு, பிளவின் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்த வழியே விறுவிறுவென்று இறங்கத் தொடங்கினார்.

"என்ன சிங்கம், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று மகாதேவன் தொப்பியை விலக்கினார்.

"ஒருத்தனாவது மேல பார்த்தீங்களாடா?"

"பார்த்தோமே! அந்தப் பச்சை ஜாக்கெட்தானே?"

சுந்தர்சிங் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றாமலே மனைவியைத் தேடினார். மறுபுறச் சாலையில் காரோடு காத்திருக்க வேண்டியவள் ஜமக்காளத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அலுமினியத் தாளால் மூடிய ஒரு தட்டு.

"நீ காரை எடுத்துட்டு அந்தப் பக்கம் போகலையா?"

"இல்லங்க."

"நான் அப்படியே இறங்கியிருந்தா?"

"இறங்கினீங்களா?" என்றாள். தாளைப் பிரித்தாள். "வறுவல் தீர்ந்துடும்னு கொஞ்சம் எடுத்து வச்சேன். உட்காருங்க."

உட்கார்ந்தார். சாப்பிட்டார். நன்றாக இருந்தது, அதுதான் அவமானம்.

இப்போது சுந்தர்சிங் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார். போன வாரம் பாடகர் குழுவில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "அங்க மேல ஒரு தனிமை இருக்கு பாருங்க, அதை வார்த்தையில சொல்ல முடியாது." முக்கால் மணி நேரம் சொன்னார். அடுத்த கோடையில் வேறொரு முகடு. இந்த முறை யாரிடமும் சொல்லப் போவதில்லையாம். அதையும் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு மலையே பிடிக்காது, மூட்டு வலி வேறு. இந்த ரகத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு சின்னப் பரீட்சை: 'நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை' என்பதை இன்று சாயங்காலம்வரை யாரிடமும் சொல்லாமல் இருந்து பாருங்கள்.