வடக்கனந்தலில் ஒரு பார்த்தெனான்

"அண்ணா, கோயில் இன்னா வெள்ளையா இருக்குது?" என்றாள் தனுஷா.

எட்டுத் தெர்மோகோல் தூண்களையும் நிறுத்திவிட்டு இளமாறன் அப்போதுதான் டீயை வாயில் வைத்திருந்தான். தனுஷாவின் கல்யாணம் போன வாரம் முடிந்தது. இன்று மாலை ஊருக்குக் கறி விருந்து. மேடை, கிரேக்கத்துப் பார்த்தெனான் கோயில் போல இருக்கவேண்டும் என்பது அவள் ஆசை. பந்தல்காரனான இளமாறன் தன் பெயரில் போடும் முதல் மேடை இதுதான். சொதப்பினால் மறுபடி மாமனாரிடம் கூலிக்குப் பந்தல் கட்டப் போகவேண்டும். அதற்குச் சாமியாராகப் போவது மேல் என்று அவன் நினைத்தான்.

"வெள்ளையாதானம்மா படம் அனுப்புன?"

"அது இப்ப இடிஞ்சி கெடக்குற கோயிலு. அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சின்னு கம்ப்யூட்டர்லயே கட்டி வச்சிருக்காங்க, பாருங்க." செல்போனில் விரலால் தள்ளினாள். வெள்ளைக் கோயில் சிவப்பும் நீலமும் தங்கமுமாக மாறியது.

இளமாறன் டீயை வைத்துவிட்டுப் பெயிண்டை எடுத்தான்.

"மேல முக்கோணத்துல குதிரைங்க, பொம்பளைங்க சிலை இருக்கணுமேண்ணா?"

போன ஆடித் திருவிழாவுக்குச் செய்தவை குடோனில் கிடந்தன. ஏற்றினான்.

"உள்ள அதீனான்னு அவங்க பொம்பள சாமி நிக்கணும். கையில ஈட்டி."

குடோனில் சூலத்தோடு ஒருத்தி இருந்தாள். சூலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஈட்டியைக் கொடுத்தான்.

பிரியாணி மாஸ்டர் சிவசங்கர் அடுப்பை விட்டுவிட்டு அடிக்கடி வந்து பார்த்தார். கல்வராயன் மலையிலிருந்து ஆடு வரவழைத்துச் சமைப்பது அவர் பொறுப்பு. "ஜோரா இருக்குது தம்பி. செவப்ப இன்னும் ஜாஸ்தி பண்ணு."

மாலையில் விருந்தாளிகள் வந்தார்கள். மேடை முன்னால் யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். மணமக்களுக்குக் கொண்டுவந்த மாலைகள் அதீனா கழுத்தில் ஏறின.

பெண்ணின் அப்பா ஆதிமூலம் ஓடிவந்தார். "இன்னாடா பண்ணி வச்சிருக்க? சாமி முன்னால கறி துன்ன மாட்டோம்றாங்க! மலை ஆட்டு பிரியாணிடா, யாரு துன்றது?"

இளமாறன் மைக்கைப் பிடித்தான். "பெரியவங்களே, இது நம்ம சாமி இல்லீங்க. கிரேக்கத்து சாமி. ஒண்ணும் ஆவாது, சாப்டுங்க!"

"அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்குது, அது முன்னாலயா கறி துன்றது?" என்றாள் முன்வரிசையில் இருந்த சின்னப்பொண்ணு பாட்டி. "இன்னா வேண்டிக்கினா குடுக்கும்னு சொல்லு."

பயந்துபோன இளமாறன் மேடைத் திரையை இழுத்து மூடினான். 'அலங்காரம் நடக்குது' என்று கூட்டம் கைகூப்பிக் காத்து நின்றது.

ஆதிமூலம் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாஸ்டர், சைவமா எதையாவது பண்ணுங்க!"

திரை விலகுவதற்குள் தக்காளி சோறும் வெங்காயப் பச்சடியும் பந்திக்கு வந்துவிட்டன. ஊரே திருப்தியாகச் சாப்பிட்டது. தியாகதுருகத்துக்காரர் ஒருவர், தங்கள் ஊர்த் திருவிழா மேடைக்கு என்று இளமாறனின் நம்பரை வாங்கிக்கொண்டார். ஆதிமூலமே முதுகில் தட்டிக்கொடுத்தார். இளமாறனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நேராகச் சமையல் கொட்டகைக்குப் போனான். "நீங்கதான் காப்பாத்துனீங்க மாஸ்டர். இவ்ளோ சீக்கிரம் எப்படி? சரி, அந்த பிரியாணி எங்க?"

மாஸ்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"கத்தாத தம்பி. மலையில இருந்து ஆடு வரவே இல்ல. மொதக் கற்பூரத்த ஏத்துனதே நாந்தான்."